ரோஜாவுக்குத் தூக்கிவந்த தண்ணீர்

ஒரே நாளில் பதினோரு செடிகளைக் கொன்றவள் நான். வேண்டுமென்று செய்யவில்லை. ஆசை ஆசையாகத் தண்ணீர் ஊற்றித்தான் கொன்றேன். நாற்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்த மத்தியானம் மறக்கவில்லை.

எழுபதுகளின் கடைசியில் சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் பால்மரத் தோட்டத்தில் இருந்தோம். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளில் எங்களுடையது கடைசி. அப்பா மரம் வெட்டிப் பால் எடுப்பவர். அம்மா மருந்தடிக்கும் கூட்டத்தில் இருந்தாள். முதுகில் டாங்கியைச் சுமந்துகொண்டு, மரங்களுக்கு நடுவே மண்டிக் கிடக்கும் லாலாங் புல்லுக்கு மருந்தடித்துக் காயவைப்பது அவள் வேலை. காலையெல்லாம் புல்லைக் கொன்றுவிட்டுச் சாயங்காலம் செடி வளர்க்கிறாள், பாவத்தைக் கழிக்கிறாள் என்று அப்பா கேலி செய்வார். அம்மா அதைக் காதில் போட்டுக்கொள்ளமாட்டாள். வாசலில் பழைய எண்ணெய் டின்களிலும் உடைந்த வாளிகளிலும் அவளுடைய செடிகள் நிற்கும். லயத்தில் வேறு யார் வீட்டிலும் அப்படி இல்லை என்பதில் எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

அந்த வருஷம் மாசி பிறந்ததுமே வெயில் ஏறிவிட்டது. பால்மரங்கள் இலையைக் கொட்டிவிட்டு மொட்டையாக நிற்கும் மாதங்கள் அவை. நிழலுக்கு ஒதுங்க வழியில்லை. லயத்துக்கே ஒரு பொதுக்குழாய்தான். அதையும் இரண்டு நாளைக்கு ஒருமுறை அரைமணி நேரம் திறந்தார்கள். குடிக்க, சமைக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் போக மிஞ்சினால் செடிகளுக்கு. மிஞ்சினால்தானே!

ஒரு நாள் சாயங்காலம் அம்மா இடுப்பில் கைவைத்துக்கொண்டு வாசலில் நின்று, எவை எவை பிழைக்கவேண்டும் என்று முடிவு செய்தாள். முதல் பங்கு கறிவேப்பிலைக்கு, அது இல்லாமல் குழம்பு இறங்காது. அடுத்தது மல்லிகை, வெள்ளிக்கிழமை சாமிப் படத்துக்கு வேண்டும். துளசிக்குக் கேட்கவே வேண்டாம். மிளகாயும் கத்தரியும் காய்க்கிற வரைக்கும் உறவு. செம்பருத்தி தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும். டின்களையெல்லாம் கூரை நிழலுக்கு நகர்த்தினோம். வேர்மாட்டில் காய்ந்த லாலாங்கைப் பரப்பினோம். அரிசி கழுவின தண்ணீரைப் பொழுது சாய்ந்த பிறகுதான் ஊற்றவேண்டும், அதுவும் அடியில் மட்டும், இலையில் படக்கூடாது என்று உத்தரவு.

பங்கே இல்லாமல் போனது ரோஜா. அது என்னுடையது. தாப்பாவில் இருந்த மாமா மலையிலிருந்து காய்கறி இறக்கும் லோரி ஓட்டினார். ஒரு தடவை வந்தபோது செய்தித்தாளில் சுற்றி அந்தச் செடியைக் கொண்டுவந்து, இது மருமகளுக்கு என்று என் கையில் கொடுத்தார். மலைக் குளிரில் வளர்ந்தது இந்த வெயிலைத் தாங்காது என்று அம்மா அப்போதே சொன்னாள். "எல்லாம் மண்ணுதான்லா அக்கா, வெச்சுப் பாரு" என்று மாமா சிரித்துவிட்டுப் போய்விட்டார். வைத்தோம். அது ஒரு மொட்டும் விட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் அதற்கு ஊற்றுவது வீண் என்று அம்மா தீர்ப்புச் சொன்னாள். அழுது பார்த்தேன். அம்மா அசையவில்லை.

மருந்து ஸ்டோருக்குப் பின்னால் ஒரு பெரிய டிரம் இருந்தது. அந்தப் பக்கம் போகக்கூடாது என்று அம்மா சொல்லியிருந்தாள். ஏன் என்று நான் கேட்டதில்லை. ஸ்டோரை அடுத்துத்தான் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியின் ஆபீஸ்; அவர் சத்தம் போடுவார், அதற்காகத்தான் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மறுநாள் சாயங்காலம் அம்மா குழாயடியில் வரிசையில் நின்றபோது அங்கே போய் எட்டிப் பார்த்தேன். பகீரென்றது. டிரம் நிறையத் தண்ணீர்! லயத்தில் ஒரு குடத்துக்குக் குடுமிப்பிடிச் சண்டை நடக்கிறது, இங்கே இவ்வளவு சும்மா கிடக்கிறதே என்று ஆத்திரம் வந்தது. லேசாக ஒரு வாடை அடித்தது. அதனால் என்ன, குழாய்த் தண்ணீரே அந்த நாட்களில் துருநாற்றம்தான்.

ஒரு பழைய சாயடின்னில் மொண்டு இடுப்பில் வைத்துக்கொண்டு நாலு நடை நடந்தேன். முதலில் ரோஜாவுக்கு. பிறகு, இருப்பவர்கள் இல்லாதவர்களுக்குக் கொடுக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது. செம்பருத்தி, மல்லிகை, கறிவேப்பிலை என்று ஒன்றையும் விடவில்லை. அம்மா அடியில் மட்டும் ஊற்றுவது கஞ்சத்தனம் என்று நினைத்து, எல்லாவற்றையும் தலையோடு குளிப்பாட்டினேன். இலைகள் பளபளவென்று நின்றன. அம்மா குடத்தோடு வந்தபோது இருட்டிவிட்டதால் எதையும் கவனிக்கவில்லை.

மறுநாள் பள்ளிக்கூடம் விட்டு ஒரு மணி வெயிலில் வந்தேன். வாசலைப் பார்த்ததும் வேறு வீட்டுக்கு வந்துவிட்டோமோ என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன். மல்லிகை இலைகள் வெந்த கீரையாகத் தொங்கின. கறிவேப்பிலையில் பழுப்புப் பழுப்பாகத் திட்டுகள். தன்னைத் தானே பார்த்துக்கொள்ளும் என்று சொன்ன செம்பருத்தி சுருண்டு கிடந்தது. ரோஜா மொட்டைத் தொட்டேன், கையோடு வந்துவிட்டது. பையைக் கழற்றக்கூடத் தோன்றாமல் நின்றேன். அழுகை கூட வரவில்லை. பக்கத்து வீட்டு அக்கா ஓடிவந்து பார்த்துவிட்டு, இது கண்பட்டதுதான், மிளகாய் சுற்றிப் போடவேண்டும் என்று உள்ளே போனார்.

அப்போதுதான் அம்மா வேலை முடிந்து வந்தாள். செடிகளைப் பார்த்து ஓவென்று அழுவாள், பிறகு என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் குனிந்து ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி முகர்ந்தாள். நிமிர்ந்தபோது அவள் முகம் செத்துப்போயிருந்தது.

"எங்க எடுத்தே தண்ணி?"

ஸ்டோருக்குப் பின்னால் என்றேன்.

"குடிச்சியா?"

இல்லை என்றேன். மறுபடியும் கேட்டாள். மூன்றாவது தடவை என் தாடையைப் பிடித்து வாயைத் திறந்து, நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தாள். மேலே பட்டதா என்றாள். இடுப்பில் வைத்துத் தூக்கினேன், காலெல்லாம் வழிந்தது என்றேன். அவ்வளவுதான். என்னை அப்படியே குளியலறைக்கு இழுத்துக்கொண்டு போனாள். அரை வாளித் தண்ணீரில் முழுக் குடும்பமும் குளித்துக்கொண்டிருந்த காலத்தில், இரண்டு நாளைக்கென்று பிடித்துவைத்த மூன்று குடங்களையும் என் தலையில் கவிழ்த்தாள். சவர்க்காரத்தைப் போட்டுத் தோல் எரியும்வரை தேய்த்தாள். மிளகாயோடு வந்த பக்கத்து வீட்டு அக்கா, தண்ணியைக் கொட்டாதே, குடிக்க என்ன செய்வாய் என்று கத்தினார். அம்மாவுக்குக் கேட்கவே இல்லை. அடித்திருந்தால் எனக்குப் புரிந்திருக்கும். அம்மா நடுங்கிக்கொண்டே குளிப்பாட்டியதுதான் என்னை மிரட்டிவிட்டது. அந்த நாள் வரைக்கும் அம்மா பயந்து நான் பார்த்ததில்லை.

தோட்டத்து மருத்துவமனையில் வைத்தியம் பார்க்கும் டிரெசர் கண்ணையும் தொண்டையையும் பார்த்துவிட்டு, குடிக்காததால் தப்பித்தாய் என்றார். அது தண்ணீர் இல்லை. வேலை முடிந்து மருந்து டாங்கிகளைக் கழுவி அந்த டிரம்மில் ஊற்றிவைப்பார்கள். பஞ்சத்தில் அதுவும் வீணாகக்கூடாதென்று மறுநாள் மருந்து கலக்க அதையே எடுப்பார்கள். சாயங்காலம் அப்பா செடிகளைப் பிடுங்கிக் குழிவெட்டிப் புதைத்தார். அம்மா அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

மறுநாள் விடியும்போது அம்மா என் கையைப் பிடித்து ஸ்டோருக்குக் கூட்டிப்போனாள். பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றிருந்தார்கள். அம்மா என்னை அந்த டிரம்மின் முன்னால் நிறுத்தினாள்.

"நல்லா பாத்துக்க. இதத் தொடக்கூடாது. தொட்டா செத்துப் போயிருவே."

சொல்லிவிட்டு அதே டிரம்மில் வெறுங்கையோடு வாளியை முக்கி மொண்டாள். டாங்கியில் ஊற்றினாள், மருந்தைக் கலந்தாள், மூடியைத் திருகினாள். தோளில் ஏற்றும்போது மூடியோரம் கசிந்து அவள் போட்டிருந்த அப்பாவின் பழைய சட்டை முதுகு முழுக்க நனைந்தது. அவள் கவனித்ததாகவே தெரியவில்லை. உனக்கு ஒன்றும் ஆகாதா என்று கேட்டேன். சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தாள்.

"எனக்கு என்னா ஆவும்? பழகிப்போச்சு. நீ ஸ்கூலுக்குப் போ."

துண்டால் மூக்கைக் கட்டிக்கொண்டு மற்றவர்களோடு மர நிரைக்குள் நடந்துபோனாள். நான் பள்ளிக்கூடத்துக்கு ஓடினேன். பதினோரு செடிகளை ஒரே நாளில் எரித்த மருந்து, என்னைத் தொட்டாலே கொன்றுவிடும் மருந்து, எங்க அம்மாவை மட்டும் ஒன்றும் செய்யாது என்று வகுப்பு முழுக்கச் சொல்லிப் பெருமையடித்தேன். யாரும் ஆச்சரியப்படவில்லை. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. எங்க அம்மாவையும் ஒன்றும் செய்யாது, எங்க அம்மாவையும் ஒன்றும் செய்யாது என்று பாதி வகுப்பு கையைத் தூக்கியது.