வாஹித் பாஷாவுக்கு விற்காதீர்கள்

ஆம்பூர் பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள பிரியாணிக் கடைகளில் கல்லாவுக்கு மேலே ஒரு போட்டோ ஒட்டியிருக்கும். திருடன் போட்டோ என்று நினைத்து வெளியூர்க்காரர்கள் பர்ஸைத் தடவிப் பார்ப்பார்கள். கீழே எழுதியிருப்பதைப் படித்தால்தான் சிரிப்பு வரும்: 'இந்த ஆளுக்கு அரை பிளேட்கூடக் கொடுக்காதீங்க. கெஞ்சுவான், கோவிச்சுக்குவான், நம்பாதீங்க. இப்படிக்கு, போட்டோவில் இருப்பவன்.'

ஒட்டியவர் வாஹித் பாஷாவேதான். ஷூ கம்பெனியில் கட்டிங் செக்‌ஷனில் வேலை. கழுத்து எது, தாடை எது என்று தேட வேண்டிய உடம்பு.

இத்தனைக்கும் காரணம் அவருடைய அக்கா ஷஹீன் பானு. ஆபா என்றுதான் கூப்பிடுவார். ஆபாவுக்கு இரண்டு கிட்னியும் கைவிட்டுவிட்டன. டயாலிசிஸில் ஓடிக்கொண்டிருந்தது பிழைப்பு. "என்னுதை எடுத்துக்கோங்க" என்று வேலூர் ஆஸ்பத்திரியில் போய் நின்றார் தம்பி. ரத்தம் பொருந்தியது. ஆனால் டாக்டரம்மா தராசைக் காட்டினார்.

"கிட்னில கோளாறு இல்ல பாஷா. நீங்கதான் ஜாஸ்தியா இருக்கீங்க. குறைச்சிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்."

பசி என்றால் பரவாயில்லை, தின்றால் அடங்கிவிடும். இது வேறு ஜாதி. மூக்குமுட்டத் தின்று கை கழுவும்போதே, அடுத்தது எங்கே என்று மண்டைக்குள் ஒருத்தன் நச்சரிக்க ஆரம்பிப்பான். அவனுக்காக வாஹித் பாஷா பொய் சொல்லக் கற்றுக்கொண்டார். பெட்ரோல் போட்டுவிட்டு வருகிறேன் என்று மனைவி லுப்னாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்புவார், வயிறுதான் நிரம்பும். ஒருநாள் பெட்ரோல் நிஜமாகவே தீர்ந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தவரை, வாசலில் நின்ற லுப்னா ஏற இறங்கப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, தாடில பெட்ரோல் ஒட்டிக்கினு இருக்கு?"

தடவிப் பார்த்தார். ஒரு சோற்றுப் பருக்கை. லுப்னா சிரித்தாள், சிரித்தபடியே உள்ளே போய் அழுதாள். மறுநாளே போட்டோ பிரிண்ட் போட்டுக்கொண்டு கடை கடையாக ஏறி இறங்கினார் வாஹித் பாஷா.

ஊருக்கு அது திருவிழாவாகிவிட்டது. வியாபாரம் வேண்டாம் என்று சொல்வதில் கடைக்காரர்களுக்கு இப்படி ஒரு குஷி இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? அவர் தலை தெருமுனையில் தெரிந்தாலே, தானிஷ் என்கிற கடைக்காரப் பையன் பிரியாணி வேகும் தேக்சாவின் மூடியை டமாரென்று போடுவான்.

"மோந்துகூடப் பாக்கக் கூடாது பாய்! ஆபா எப்டி இருக்காங்க, அத மட்டும் சொல்லிட்டுப் போங்க!"

உடம்பு இறங்க ஆரம்பித்தது. ஷூவுக்கு ஓட்டை போடும் பஞ்ச்சால் கம்பெனியிலேயே தன் பெல்ட்டில் புது ஓட்டை போட்டார். செக்‌ஷன் முழுக்க விசில். அடுத்த ஓட்டையைப் போட நான் நீ என்று போட்டி.

திங்கட்கிழமை வேலூருக்கு வரச் சொல்லியிருந்தார் டாக்டரம்மா. அதற்கு முந்தின சனிக்கிழமை பார்த்தா மண்டைக்குள் இருப்பவன் முழித்துக்கொள்ள வேண்டும்? ஒருவேளை தேறாவிட்டால்? ஆபா என்ன ஆவாள்? பயம் வரவர வாயில் எச்சில் ஊறியது. ஆம்பூரில்தானே போட்டோ, பேரணாம்பட்டில் யாருக்குத் தெரியும்? ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வண்டியை முறுக்கினார்.

பேரணாம்பட்டில் முனவ்வர் பேகம் என்கிற அம்மாவின் கடை. பிளேட்டை வைத்துவிட்டு அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஹெல்மெட்டோட எப்டிப்பா துன்னுவ? கண்ணாடி வழியா ஊட்டிவுடணுமா?"

கழற்றினார். யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிளேட் காலியானது. புது ஆள், அரை வயிறோடு போய்விடக் கூடாது என்று அந்த அம்மா கத்திரிக்காய்க் குழம்பை அள்ளி ஊற்றி இரண்டாவதையும் வைத்தார். அதுவும் காலி. அப்போதுதான் வாஹித் பாஷாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதல் பிளேட் எப்படி இருந்தது? காரமா, உப்பா? எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. இவ்வளவு தூரம் ஓடி வந்தது எதற்கு?

போன் அடித்தது. ஆபா.

"எங்கடா இருக்கே? லுப்னா தேடிக்கினு இருக்கா."

"பெட்ரோல் போட வந்தேன் ஆபா."

"எவ்ளோ போட்ட?"

பொய் நாக்கின் நுனி வரை வந்தது. "ரெண்டு பிளேட்."

திட்டு விழும் என்று கண்ணை மூடிக்கொண்டார். விழவில்லை.

"மூணாவது வேணாம், எழுந்து வா. நானும் நேத்து சொம்புத் தண்ணிய மடக்கு மடக்குனு குடிச்சேன்டா. அளந்துதான் குடிக்கணும்னு சொல்லிருக்காங்க. யார்கிட்டயும் சொல்லல. உன்கிட்டதான் சொல்றேன்."

"ஏன் ஆபா இப்டி பண்ணே?"

"நீ ஏன்டா பண்ணே?"

இரண்டு பேருக்கும் சிரிப்புதான் வந்தது. பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்குச் சிரித்துவிட்டு எழுந்தார் வாஹித் பாஷா.

திங்கட்கிழமை தராசில் ஏறுவதற்கு முன்னால் வாட்ச், பர்ஸ், பெல்ட், சாவிக்கொத்து எல்லாவற்றையும் ஆபாவின் மடியில் குவித்தார். கைக்குட்டையைக்கூட விடவில்லை. "பேன்ட்டையாவது வுட்டுவைடா" என்றாள் ஆபா. நர்ஸ் திரும்பி நின்று சிரித்தார். எண்கள் தடதடவென்று ஓடி நின்றன. டாக்டரம்மா குனிந்து பார்த்தார், அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"சரி, அடுத்த டெஸ்டுக்குப் போகலாம். ஆபரேஷன் வரைக்கும் இதுக்கு மேல ஏறக் கூடாது பாஷா."

வாஹித் பாஷா குதித்த குதியில் தராசே தள்ளாடியது. ஆபா வாயைத் துப்பட்டாவால் பொத்திக்கொண்டாள்.

வெளியே வெயில். ரோட்டோரத்தில் யாரோ தேக்சாவின் மூடியைத் திறந்தார்கள். நெய்யும் புதினாவுமாக ஒரு ஆவி கிளம்பி வந்தது. வாஹித் பாஷா நின்றுவிட்டார். அடச்சே, சந்தோஷத்துக்குமா இந்தப் பசி?

"ஆபா, அவன் வந்துட்டான்."

மண்டைக்குள் இருப்பவனைத்தான் சொல்கிறான் என்று ஆபாவுக்குப் புரிந்துவிட்டது. ஊசி குத்திக் குத்திப் புடைத்துப்போன கையால் தம்பியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"வரட்டும். நாம அந்தப் பக்கமா நடப்போம் வா."

இருவரும் ரோட்டைக் கடந்தார்கள்.