முதல் மொட்டைக்கு ஒரு குல்லா

சித்தூரில் மகளிர் குழுக்களின் கண்காட்சி நடந்த நாட்களில் கன்னிகா தன் கடையில் ஓர் இடத்தில் உட்காரவில்லை. நைட்டிகளை முன்னால் அடுக்குவாள். யாரும் நிற்காவிட்டால் அவற்றைப் பின்னால் தள்ளிவிட்டுத் தலையணை உறைகளை வைப்பாள். அப்புறம் துணிப்பைகள். வந்தவர்கள் தொட்டுப் பார்த்து, இதில் என்ன விசேஷம் என்று தமிழிலும் தெலுங்கிலும் கேட்டார்கள். எல்லாமே நல்ல காட்டன் என்றாள். அவர்கள் பேரம் பேசும் முன்னே தானே விலையைக் குறைத்தாள். அப்படியும் அவர்கள் நகர்ந்துபோனார்கள்.

நகரியில் அவள் கணவன் திருவேங்கடம் விசைத்தறி ஓட்டுகிறான். அவன் நெய்யும் துணியை வெளுக்கக் கொடுத்து வாங்கி வந்து, வீட்டு முன்னறையில் அவள் தைக்கிறாள். இரண்டு வருஷத்தில் கடைப் பெயரை மூன்று முறை மாற்றிவிட்டாள். ஒவ்வொரு தடவையும் புதுப் பெயரில் விற்றுவிடும் என்று நினைப்பாள். திருப்பதிக் கடைகளுக்கு மூட்டையோடு போய் நிற்கும்போது மட்டும் எதை முதலில் எடுத்துக் காட்டுவது என்று தெரியாது.

திருப்பதியில் துணிக்கடை வைத்திருக்கும் வெங்கட் ஒருநாள் அலுத்துப்போய், "நீ இன்னாதாம்மா விக்கிற?" என்று கேட்டார்.

"நீங்க எது கேட்டாலும் தெச்சித் தரேண்ணா."

அவர் வழக்கம்போல மலிவு நைட்டி கொஞ்சம் எடுத்துக்கொண்டு அனுப்பிவிட்டார். அவர் கேட்ட கேள்வி பஸ் நிலையம் வரை அவளைக் குடைந்தது.

புத்தூர் வழியாக நகரிக்குத் திரும்பும் பஸ்ஸில், அன்று காலை திருப்பதியில் முடி இறக்கிய ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. தலையில் பூசிய சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. தாய் வாங்கிப் போட்டிருந்த பளபளப்பான தொப்பியின் தையல் நெற்றியில் சிவப்பாகக் கோடு இழுத்திருந்தது. கன்னிகா மூட்டையைப் பிரித்து, பலமுறை துவைத்து மிருதுவாகிப்போன மாதிரித் துணி ஒன்றை எடுத்துக் குழந்தையின் தலையில் தளர்வாகச் சுற்றினாள். வடமாலைப்பேட்டை தாண்டுவதற்குள் அது தூங்கிவிட்டது.

"இதே துணியில குல்லா இருக்குதா?" என்று தாய் கேட்டாள்.

இல்லை என்று சொல்லக் கன்னிகாவுக்கு வெட்கமாக இருந்தது. இத்தனை நாளாக மொட்டை போட்டவர்கள் நிறைந்த ஊருக்குத்தான் துணி சுமந்துகொண்டிருந்தாள்.

அடுத்த நாளே தைக்க உட்கார்ந்தாள். பிசிறு தோலில் படக்கூடாது என்று தையலை வெளிப்பக்கம் வைத்தாள். முதலில் தைத்தது இறுக்கமாகவும் அடுத்தது தொளதொளவென்றும் வந்தது. தைப்பதும் பிரிப்பதுமாக இருந்ததில் உலையில் போட்ட அரிசி குழைந்துபோனது. அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குப் போட்டுப் பார்த்து அளவு பிடித்தாள். 'முதல் மொட்டை' என்று பெயர் வைத்து, அதையே தெலுங்கிலும் எழுதி லேபிள் அடித்தாள்.

இனி நைட்டி தைக்கப்போவதில்லை என்றதும் திருவேங்கடத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

"வர்ற வியாபாரத்தயும் வுட்டுட்டு இன்னா பண்ணப்போற?"

"எதையும் முடியாதுன்னு சொல்லத் தெரியாமத்தான் இத்தன நாள் அலைஞ்சிக்கினு இருந்தேன்" என்றாள். சொன்னாளே தவிர, அந்த வாரம் முழுக்கத் தைக்காத நைட்டித் துணியை எடுத்து எடுத்து மடித்து வைத்தாள்.

வெங்கட் குல்லாவைப் புரட்டிப் பார்த்தார். தையல் வெளியே தெரிவதைக் காட்டி, தப்பாகத் தைத்துவிட்டாயா என்றார்.

"இல்லண்ணா. புதுசா மொட்ட போட்ட கொழந்தைக்கு இது. தையல் உள்ள இருந்தா தோல அறுக்கும். உள்ள கை வுட்டுப் பாருங்க."

அவர் கை விட்டுப் பார்த்தார். விலையைக் கேட்டார், சொன்னாள். அவர் குல்லாவை மறுபடி புரட்டியபோது விலையைக் குறைத்துச் சொல்லிவிடலாமா என்று தோன்றியது. மூட்டைக் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டாள். ஒரு கட்டு வைத்துவிட்டுப் போகச் சொன்னவர், கூடவே வழக்கமான நைட்டியும் வேண்டும் என்றார்.

"நைட்டி இப்ப தெக்கிறதில்லண்ணா."

வெளியே வந்தாள். திரும்பிப் போய்ச் சரி என்று சொல்லிவிடலாமா என்று தெருமுனையில் வெகுநேரம் நின்றாள். போகவில்லை. அதன்பிறகும் பல நாள், செல்போன் அடிக்கும் முன்பே எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெங்கட் கூப்பிட்டார், கட்டு தீர்ந்துவிட்டது, இன்னும் கொண்டு வா என்றார். மெல்ல மெல்ல வேறு இரண்டு கடைகளும் கேட்டன. திருவேங்கடம் அதற்கென்றே மெல்லிய நூலில் நெய்யத் தொடங்கினான்.

போன மாதம் கார்வேட்டிநகரத்திலிருந்து ஒரு பெண் லேபிளில் இருந்த எண்ணைப் பார்த்துப் பேசினாள். வேண்டுதலுக்காகத் தானே முடி கொடுத்திருப்பதாகவும், பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போகவேண்டும், கடைத் தொப்பி அரிக்கிறது என்றும் சொன்னாள். பெரியவர்களுக்குச் செய்வீர்களா என்று தயங்கிக் கேட்டாள்.

கன்னிகா யோசிக்கக்கூட இல்லை; இதுவும் புதுசாக மொட்டை போட்ட தலைதானே.

"செய்வேம்மா. நூல் வச்சித் தலையச் சுத்தி அளந்து சொல்லுங்க" என்றாள்.