இரண்டு தட்டினால் ஜாக்கியைத் தொடாதே

ஹபீபுல்லாவைப் பைத்தியம் என்று சொல்கிறவர்கள் என் கடைக்கு டீ கேட்டு வர வேண்டாம். நான் ஜான்சி, பக்கத்துக் கடைக்காரி. ஹடப்சரிலிருந்து சாஸ்வட் போகிற சாலையில், மலை ஏற்றம் தொடங்கும் இடத்தில் என் டீக்கடையும் அவன் பங்சர் கடையும் ஒரே தகரக் கூரையின் கீழ் இருக்கின்றன. இரண்டு பேருமே வடக்கே பிழைக்க வந்தவர்கள்; எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி, அவனுக்கு மேலப்பாளையம். வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்கிற மாதிரி ஆள். எந்த வண்டியானாலும் ஜாக்கியைத் தொடும் முன் வண்டியின் உடம்பில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டிவிட்டுக் காத்திருப்பான். அதற்குத்தான் இந்தப் பைத்தியப் பட்டம்.

அது அவனும் தம்பி ஃபைசலும் வைத்திருந்த பேச்சு. சாலை இரைச்சலில் குரல் கேட்காதே! வெளியே நிற்பவன் ஒருமுறை தட்டுவான். பதிலுக்கு இரண்டு தட்டு வந்தால், 'அடியில் கிடக்கிறேன், ஜாக்கியைத் தொடாதே.' ஒன்று வந்தால், 'வெளியே வந்துவிட்டேன்.' சில வருஷம் முன்னால், சக்கரம் கழற்றிய டெம்போவுக்கு அடியில் ஃபைசல் கிடந்தபோது, ஹபீபு அவனுக்கு டீ வாங்க என்னிடம் வந்தான். டெம்போ டிரைவருக்கு என்ன அவசரமோ, தட்டாமலே ஜாக்கியைத் திருகி வண்டியை இறக்கிவிட்டான். கையில் கிளாஸோடு ஹபீபு நின்ற நிலை இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

போன மழைக்காலம். மத்தியானமே மூட்டம் இறங்கி எதிர்ப்பக்கம் தெரியவில்லை. அபினவ் என்ற ஐடி கம்பெனிக்காரர் ஜீப்புக்குப் பின்னால் ஒரு கேரவனை இழுத்து வந்தார். கட்டில், அடுப்பு எல்லாம் வைத்த சக்கர வீடு. இடது பக்க டயர் சப்பிப்போயிருந்தது. ஹபீபு ஜீப்பைக் கழற்றாமல், மறுபக்கச் சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஜாக்கி ஏற்றி, டயரைக் கழற்றினான். ஸ்டெப்னி மாட்ட இன்னும் கொஞ்சம் உயர்த்த வேண்டியிருந்தது. வழக்கம்போல ஒரு தட்டு தட்டினான்.

அடியிலிருந்து இரண்டு தட்டு வந்தது.

"உள்ள யாரு இருக்கா?" என்று கேட்டேன். அபினவ் கதவைத் திறந்து காட்டினார். ஈ காக்காய் இல்லை. குனிந்து பார்த்தேன், அடியில் வெறும் ஈர மண். ஹபீபு மறுபடி தட்டினான். மறுபடியும் இரண்டு. பேய் பிசாசு என்று யாராவது சொன்னால் போய் வேலையைப் பாரு என்று விரட்டுகிறவள் நான். எனக்கே உடம்பு புல்லரித்துவிட்டது.

"அங்கிள், ஜல்தி பண்ணுங்க, லேட் ஆகுது," என்றார் அபினவ், வீட்டில் மட்டும் பேசிப் பழகிய தமிழில்.

"தம்பி அடியில கெடக்கான் சார். எப்படித் தொட?"

ஈர மண்ணில் ஜாக்கி புதைய ஆரம்பித்தது. கேரவன் லேசாகச் சாய்ந்தது. "ஏல ஃபைசலு, வெளிய வாலே!" என்று கத்திக்கொண்டு ஹபீபு தரையில் விழுந்து அடியில் நுழைந்தான். தலையும் தோளும் உள்ளே போய்விட்டன. நானும் அபினவும் ஆளுக்கொரு காலைப் பிடித்து இழுத்தோம். அசையவில்லை.

"விடுங்கக்கா! எங் கையப் புடிச்சிருக்கான்!"

ஐயோ, இவனும் போய்விடுவானே! ஒரு கையால் கேரவனில் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். "எய்யா ஃபைசலு! ஒங்கண்ணன் டீ வாங்கிட்டு வந்துட்டாம்யா. ஆறிப்போவுது, வெளிய வா ராசா!"

பிறகு என் தலைக்கு மேலே, வண்டியின் வெளிப்பக்கத்தில், ஒரே ஒரு தட்டு.

ஹபீபுவின் உடம்பு தளர்ந்தது. இழுத்த இழுப்பில் வெளியே வந்து விழுந்தான். அவன் தலை இருந்த இடத்தில் கேரவன் தொப்பென்று இறங்கியது.

அப்புறம் பலகை போட்டு ஜாக்கி ஏற்றி, ஸ்டெப்னியை மாட்டி அனுப்பினோம். அப்போதும் தட்டினான். பதில் வரவில்லை.

"அக்கா, ரெண்டு டீ," என்றான். போட்டுக் கொடுத்தேன். ஒன்றைக் குடித்தான். இன்னொன்று பெஞ்சில் ஆடை படிந்து ஆறிக் கிடந்தது. சாயங்காலம் வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"குடிக்கல பாத்தியளா," என்றான். "போயிட்டான்க்கா."

தம்பியைப் புதைத்த அன்றுகூட அழாதவன், அப்போதுதான் அழுதான்.