இறந்தபின் சேர்த்த உறுப்பினர்

நாயுடுபுரத்தில் மூன்று அறைகளைச் சுற்றுலாக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டுப் பிழைக்கிறேன். அதனால் கொடைக்கானல் டாக்ஸிக்காரர்களும் விடுதிக்காரர்களும் சேர்ந்து நடத்தும் வாட்சப் குழுவில் நானும் ஒரு அட்மின். சவாரி, காலி அறை, எங்கே மரம் விழுந்து பாதை அடைத்திருக்கிறது என்பதெல்லாம் அதில்தான் வரும். யாராவது இறந்தால் ஒருநாள் முழுக்க அவர் படத்தைக் குழுவின் படமாக வைப்போம். யாருக்கு வைப்பது என்று எழுதிவைத்த சட்டம் கிடையாது. எப்போதோ இங்கே படப்பிடிப்புக்கு வந்து போன ஒரு நடிகருக்கு மூன்று நாள் வைத்தோம். ஒரு விடுதி முதலாளியின் நாய்க்கும் வைத்தோம். நல்ல நாய்தான், அதைக் குறை சொல்ல மாட்டேன்.

எங்கள் தெரு டாக்ஸிக்காரர் ஒருவர் போன மழைக்காலத்தில் நெஞ்சுவலி வந்து இறந்துபோனார். மறுநாளே அவர் மனைவி எனக்குப் போன் செய்தார்.

"அக்கா, எல்லாருக்கும் வைக்கிறீங்கள்ல. இவருக்கும் ஒரு நாளைக்குப் படத்தை வைங்கக்கா. புள்ளைங்க பாத்தா மனசு ஆறும்."

சிக்கல் என்னவென்றால், அவர் குழுவிலேயே இல்லை. எல்லோரும் பேசிவைத்த டாக்ஸி வாடகையைக் குறைத்துக் கவுஞ்சி கிராமத்துக்கு ஆள் ஏற்றிப் போனார் என்று நீக்கியிருந்தார்கள். குழுவில் இல்லாதவருக்குச் சவாரியும் போகாது.

"வெளிய போனவருக்கு வச்சா நாளைக்கு ஆளாளுக்குக் கேப்பாங்க" என்றார், அன்றைக்கு அவரை நீக்கச் சொன்ன மூத்த டிரைவர். நடிகர் எப்போது உறுப்பினராக இருந்தார் என்று கேட்டேன். "அது வேறங்க" என்றார். எனக்கு எரிச்சல்தான் வந்தது. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்று திரும்பத் திரும்பக் கேட்டேன். கடைசியில் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார்.

"சரி, அவரு நம்பரை உள்ள சேருங்க. மெம்பர் ஆயிட்டாருன்னா வச்சிரலாம்ல?"

இறந்தவரை உறுப்பினராகச் சேர்த்தோம். யாரும் சிரிக்கவில்லை. முறை பிசகாமல் காரியம் நடந்ததில் எல்லோருக்கும் நிம்மதி. படம் ஏறியதும் கும்பிடும் கைகளும் பூக்களும் வந்து கொட்டின. தங்கமான மனுஷன், யாரையும் ஏமாற்றாதவர், கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவார். மூத்த டிரைவர்தான் எல்லோரையும்விட நீளமாக எழுதினார். நம் குடும்பத்தில் ஒருவர் போய்விட்டார் என்று முடித்திருந்தார்.

அந்தப் போன் இப்போது அவர் மனைவி கையில் இருக்கிறது என்பதை ஒருவரும் யோசிக்கவில்லை, நானும்தான். மதியம்போல இறந்தவரின் எண்ணிலிருந்தே செய்தி வந்தது.

"எல்லாருக்கும் நன்றிங்க. இவ்வளவு நல்லவருன்னு தெரிஞ்சிருந்தும் ரெண்டு சீசனா ஒரு சவாரி குடுக்கலையேங்க."

படித்தபோது வெட்கமாக இருந்தது. சாயங்காலம் மூத்த டிரைவர் என்னைத் தனியாக அழைத்து, "அந்த நம்பரை எடுத்துருங்களேன்" என்றார்.

நீங்களே எடுங்கள் என்றேன். அவரும் அட்மின்தான். அந்த எண் இன்னும் குழுவில் இருக்கிறது.