அப்பாவைப் பார்த்துக் குரைத்த ஜிம்மி

துபாயிலிருந்து வரும் அப்பா பெட்டியைத் திறந்ததும் வீடு முழுக்கச் சோப்பு வாசனை பரவும். நான் பள்ளியில் படித்த அந்த ஆண்டு குற்றாலத்தில் "சீசன்" தொடங்கி, தென்காசித் தெருக்களும் சாரலில் நனைந்து கிடந்ததால், அதோடு ஈர நாயின் வாடையும் சேர்ந்துகொண்டது. வாடை எங்கள் ஜிம்மியுடையது. வந்திறங்கிய அப்பாவின் மேல் தாவி, சட்டையெல்லாம் சேறாக்கித்தான் அது அவரை வரவேற்றது.

மழைக்கு எலிகள் வீட்டுக்குள் புகும் என்பதால் அப்பா ஓர் "எலி மிஷின்" வாங்கி வந்திருந்தார். சுவரில் செருகினால் நீல விளக்கு எரியும். மனிதக் காதுக்கு எட்டாத சத்தம் போட்டு எலியை விரட்டுமாம். தன் கட்டிலுக்குப் பக்கத்தில் அதைச் செருகினார். அன்று மாலை முதல் ஜிம்மி அறை வாசலில் நின்று, அப்பா உட்கார்ந்திருந்த கட்டிலைப் பார்த்துக் குரைக்கத் தொடங்கியது.

மாட்டு டாக்டர் காது, பல், வயிறு எல்லாம் பார்த்து ஒன்றுமில்லை என்றார். அம்மா திருநீறு பூசினாள். கரண்ட் போனால் மட்டும் ஜிம்மி அடங்கி, அப்பாவின் காலடியில் வந்து சுருண்டுகொள்ளும். "வெளிச்சத்துல என் மொகரதான் அதுக்குப் பிடிக்கல போல" என்று அப்பா சிரிப்பார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வீடு பார்க்கிற மனிதருக்கு அந்தச் சிரிப்பு எவ்வளவு கசந்திருக்கும்! அறிவியலில் முதல் மார்க் வாங்கிய எனக்கோ கரண்டையும் குரைப்பையும் கோத்துப் பார்க்கத் தோன்றவில்லை.

தெருவே முணுமுணுத்ததும், அவரே ஜிம்மியை வடகரையில் ஒரு தென்னந்தோப்பில் கொண்டுபோய் விட்டார். "நம்மள வேத்தாளா நெனைக்குது, என்னத்தச் செய்ய" என்றார். அன்று நான் நிம்மதியாகத் தூங்கியதை நினைத்தால் இப்போதும் மனம் கூசுகிறது. அவர் விமானம் ஏறியதும், எலி போகவில்லையென்று மிஷினும் பரணுக்குப் போனது.

அப்பா துபாயை முடித்துக்கொண்டு வந்து சில வருஷங்களாகின்றன. போன வாரம் சாரலோடு எலியும் வர, அம்மா பரணிலிருந்து அந்த மிஷினை எடுத்து, அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் பழைய இடத்திலேயே செருகினாள். நான் வளர்க்கும் நாய்க்குட்டி உடனே அப்பா இருந்த பக்கம் திரும்பிக் குரைத்தது.

அவர் முகம் வாடிவிட்டது. "ஏலே, இதுக்கும் என்னயப் பிடிக்கலையா?"

நான் சுவிட்சை அணைத்தேன். குட்டி அடங்கியது. போட்டேன், குரைத்தது. மறுபடி அணைத்தேன். அப்பா எழுந்து வந்து, தானே ஒருமுறை போட்டு அணைத்துப் பார்த்தார்.

"அப்ப ஜிம்மி என்னயப் பாத்துக் குலைக்கலையாலே?"

நான் பதில் சொல்வதற்குள் சட்டையை எடுத்து மாட்டினார். "வண்டிய எடு, வடகரைக்கு ஒரு எட்டு போயிட்டு வந்துருவோம்."

எந்த நாயும் இத்தனை வருஷம் இருக்காதென்று அவருக்கும் தெரியும். அந்தத் தோப்பை வெட்டி மனைக்கல் நட்டுவிட்டார்கள் என்பது எனக்கு மட்டும் தெரியும். வழியில் சொல்லிக்கொள்ளலாம் என்று வண்டிச் சாவியை எடுத்தேன்.