டோப்பா இல்லாமல் ஏறிய மேடை

2024 ஜூலை 28, ஆடி இரண்டாம் ஞாயிறு. வார விடுமுறை என்றாலும் ஐந்து மணிக்கே விழிப்பு வந்தது. தண்ணீர் பிடித்து வைத்தேன். மறுநாளுக்கான கம்பெனிச் சீருடையை இஸ்திரி போட்டு மாட்டினேன், ஷூவைத் துடைத்தேன். பிறகு பீரோ மேலிருந்த மேக்கப் பெட்டியை இறக்கி, டோப்பா முடியைச் சீவி, கறுப்புக் கண்ணாடியைத் துடைத்து, மறுபடி உள்ளே வைத்துப் பூட்டினேன். அன்று அதை எடுத்துப் போவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் எனக்குத் தரப் பரிசோதனை வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் திருவிழா ஆர்கெஸ்ட்ராவில் ஒரு பெரிய நடிகரின் டூப்பாக ஆடுவேன். ஒல்லி உடம்பு, நீள மூக்கு. டோப்பா வைத்தால் அவரேதான். பேனரில் அவர் படம், அவர் பெயர். ஊர்க்காரர்கள் குழந்தையை என் கையில் கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வார்கள். அது எனக்குப் பிடிக்காமல் இல்லை.

மே மாதம் காய்ச்சலில் படுத்துவிட்டேன். வல்லக்கோட்டைப் பக்கம் ஒரு நிகழ்ச்சிக்கு, ஆர்கெஸ்ட்ரா ஓனர் வேறொருவருக்கு டோப்பா வைத்து மேடையேற்றிவிட்டார். அடுத்த வாரம் டீக்கடையில் எங்கள் தெருக்காரர் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "வல்லக்கோட்டைல ஜோரா ஆடினண்ணே அன்னிக்கி! இம்மாம் நாளா எங்க வெச்சிருந்த அத்த?" தினமும் என் முகத்தில் விழிக்கிறவர் அவர். நான் டீயைக் குடிக்காமலே எழுந்து வந்தேன்.

கம்பெனியில், ஒரு பாகம் மாதிரிப் பாகத்தைப் போலவே இருந்தால்தான் தேறும். இரும்புக்கு அது சரி. நான் புகழ் வேண்டாம் என்கிறவன் இல்லை. வேண்டும். ஆனால் அது என் விலாசத்துக்கு வரவேண்டும்.

வடக்குப்பட்டு அம்மன் கோயிலில் கூழ் ஊற்றுவது முடிந்து, மாலையில் மேடை தயாரானது. ஓனர் என் சொட்டைத் தலையைப் பார்த்தார்.

"இன்னாய்யா, பொட்டி எங்க?"

"வூட்ல கீது. இன்னிக்கி என் மூஞ்சியோடதான் ஆடுவேன்."

"உன் மூஞ்சியப் பாக்கவா ஊரே வந்து குந்திகினு கீது?"

"டோப்பாவப் பாக்கத்தான்னா அத்தக் கம்பத்துல மாட்டிடுங்க. நான் எதுக்கு?"

கீபோர்டுக்காரர் சிரித்துவிட்டார். ஓனர் சிரிக்கவில்லை. ஆனால் அன்று அவருக்கு மாற்று ஆள் இல்லை.

ஏறினேன். "யாருபா இது? ஷிப்ட் முடிஞ்சி நேரா வந்துட்டாரா?" என்று ஒரு குரல். சிரிப்பு. "டூப்பு எங்க? டூப்ப வுடு!" முன்வரிசையில் சிலர் எழுந்து போனார்கள். அந்த நடிகரின் நடையை விட்டேன், கைவீச்சை விட்டேன். இடது தோள் மட்டும் பழக்கத்தில் அவரைப் போலவே குலுங்கியது; அதை அடக்கவே முதல் பாட்டு போய்விட்டது. எனக்கென்று என்ன ஆட்டம் இருக்கிறது என்பதை அந்த மேடையில்தான் தேடவேண்டியிருந்தது. இரண்டாவது பாட்டில் காலைத் தாளத்தின் போக்கில் விட்டேன். பின்னால் தரையில் உட்கார்ந்திருந்த பெண்கள் தாளத்தோடு கைதட்டத் தொடங்கினார்கள். பெரிய சத்தம் இல்லை. பாட்டு முடியும்வரை அது நிற்கவும் இல்லை.

ஓனர் ஒயரைச் சுருட்டிக்கொண்டே சொன்னார், "அடுத்த வாரம் ஸ்ரீபெரும்புதூர். டூப்புக்கு வேற ஆளு சொல்லிட்டேன்."

"சொல்லிக்கோங்க. எனக்கு ஒரு பாட்டு குடுங்க. பேனர்ல என் படம், என் பேரு."

"உன் பேரு யாருக்குய்யா தெரியும்?"

"போட்டாத்தானே தெரியும்."

அவர் ஒயரைக் கீழே போட்டார். பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"ஒரே பாட்டு. கூட்டம் எழுந்துச்சின்னா அதோட சரி. காலைல போட்டோ அனுப்பு. பேனர்காரன் உசுர எடுப்பான்."

வீட்டுக்கு வந்து போனில் தேடினேன். படங்கள் நிறைய இருந்தன. எல்லாவற்றிலும் டோப்பா, கறுப்புக் கண்ணாடி.

திங்கட்கிழமை எழுந்ததும் முதல் வேலையாக முகம் கழுவி, வெளிச்சுவர் ஓரம் நின்று, மனைவியை ஒரு படம் எடுக்கச் சொன்னேன். கம்பெனி பஸ் வருவதற்குள் அதை ஓனருக்கு அனுப்பி, கீழே என் பெயரை எழுதினேன்.