பச்சையை நம்பாத மார்லீன்

திரையில் பச்சை எழுத்து வந்ததும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தைத் திரையோடு ஒட்டவைத்துக்கொள்கிறார் மார்லீன் கோவல்சுக். எங்களுக்குப் பச்சை என்றால் சோதனைகள் எல்லாம் தேறிவிட்டன, காபிக்கு எழுந்திருக்கும் நேரம். இவருக்கு அதன் அடியில் பொடி எழுத்தில் இருக்கும், ஓடிய சோதனைகளின் எண்ணிக்கைதான் முக்கியம். "எத்தனை ஓடுச்சு, அதைச் சொல்லு முதல்ல. அப்புறமா சிரிக்கலாம்."

வின்னிபெக்கில் மருத்துவமனைகளுக்கு இணையப் பக்கங்கள் செய்துதரும் எங்கள் அலுவலகத்தில், ஐம்பத்தெட்டு வயதில் பைத்தான் மொழியில் நிரல் எழுதுகிறவர் இவர் ஒருவர்தான். மதியம் பெரோகி என்ற உருளைக்கிழங்குக் கொழுக்கட்டையைச் சூடாக்கி, நின்றுகொண்டே சாப்பிடுவார். உட்கார்ந்தால் தூக்கம் வருமாம்.

போன ஜனவரியில் ஒரு வியாழக்கிழமை. குழந்தையின் எடையைத் தட்டினால் மருந்தின் அளவைச் சொல்லும் பக்கம் ஒன்றை, பன்னிரண்டு மணிக்குச் செவிலியர்கள் கையில் கொடுக்க வேண்டும். பதினொன்று இருபதுக்குச் சோதனைகளை ஓட்டினோம். பச்சை.

"கிராண்ட், நில்லு. ஓடினது பூஜ்ஜியம்னு போட்டிருக்கு. எதுவுமே ஓடலைன்னா எது தோத்துப்போகும்?" என்றார் மார்லீன்.

மேலாளர் கிராண்ட் ஃப்ரீசனுக்குப் பொறுமை போய்விட்டது. "ஆஸ்பத்திரியில காத்துக்கிட்டிருக்காங்க மார்லீன். உங்க சந்தேகத்துக்கு முதல்ல ஒரு மருந்து கண்டுபிடிக்கணும்."

"கண்டுபிடி. அளவை மட்டும் இந்தப் பக்கத்துல பார்த்துடாதே."

ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சோதனைகளை ஓட்டும் கட்டளை சரி. அமைப்புகள் சரி. சோதனைக் கோப்புகளின் பெயர்களும் சரி. கிராண்ட் கடிகாரத்தையும் எங்களையும் மாறிமாறிப் பார்த்தார். பதினொன்று நாற்பத்தைந்துக்கு மார்லீனின் விரல் திரையில் ஓரிடத்தில் நின்றது. சோதனைக் கோப்புகளை வைத்திருக்கும் அடைவில் ஒரு எழுத்துகூட இல்லாத காலிக் கோப்பு ஒன்று இருக்க வேண்டும். அது இருந்தால்தான் எங்கள் பைத்தான் உள்ளே போய்ச் சோதனைகளைத் தேடும். அதைக் காணோம்.

திரும்ப வைத்து ஓட்டினார். இருநூற்றுப் பன்னிரண்டு ஓடின. ஒன்று சிவப்பு. மூன்று கிலோ குழந்தைக்கு மருந்து பத்து மடங்காக வந்தது. அன்று காலை நான் செய்த சின்னத் திருத்தம்தான் காரணம்.

கிராண்ட் தொலைபேசியை எடுத்து, இன்றைக்கு இல்லை என்று மருத்துவமனைக்குச் சொன்னார். வைத்துவிட்டுத் திரும்பினார். முகம் வெளுத்திருந்தது. "தப்பு நடக்கும், திருத்திக்கலாம். ஆனா அந்தக் காலி ஃபைலைத் தூக்கினது யாரு?"

மாற்றங்களின் பதிவேடு மார்லீனின் திரையில் திறந்தே இருந்தது. பக்கத்து நாற்காலியிலிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது: முந்தின நாள் மாலை ஐந்து பத்து, 'காலிக் கோப்பு, குப்பை, நீக்கப்பட்டது', எதிரே மார்லீனின் பெயர்.

"எப்படியோ போயிருக்கு, விடுங்க கிராண்ட்" என்றேன் அவசரமாக.

மார்லீன் என்னைப் பார்க்கவில்லை. தன் திரையை இரண்டு கையாலும் பிடித்து, கிராண்ட் படிக்க வசதியாக அவர் பக்கம் திருப்பிவைத்தார்.